ஊமைப்பட நகைச்சுவையில் அஃறிணைக் கதைமாந்தர்

அஃறிணைப் பொருள்கள் கேட்பன போலவும் சொல்லுவன போலவும் ஒன்றைக் கருதிச் செய்வன போலவும் கூறுதல் தமிழிலக்கண நூலார் உடன்பட்ட வழக்காகும். தொல்காப்பியர் பொருளியலிலும் பவணந்தியார் நன்னூற் பொதுவியலிலும் இதற்கு இடம் வகுத்துள்ளனர். இவ்வழக்கிற்கு உயிராய் நிற்பது 'போல' என்னும் சொல்லே. நாரை தூது செல்வதாகப் பாடும் புலவன் நாரைக்குத் தன்மொழி விளங்காது என்பதை அறிவான். பாட்டைக் கேட்போரும் அதனை அறிவர். இருசாராரும் அறிந்தே உடன்படுகின்ற ஓர் ஒப்பந்தம் அது.

ஏட்டில் இவ்வொப்பந்தம் எளிது. ஆயின், ஓர் உண்மை நாயைத் திரையில் ஓடவிட்டு, அதனைக் கதைமாந்தருள் ஒருவராக்கும் கலையில் இந்தப் 'போல' எங்கே தங்குகின்றது? நாயினிடத்தா, அதனைப் பயிற்றுவோனிடத்தா, படத்துண்டுகளை ஒட்டுவோனிடத்தா, காண்போர் உள்ளத்தா? 1914 முதல் 1920 வரையில் அமெரிக்க நாட்டில் எடுக்கப்பெற்ற ஊமை நகைச்சுவைக் குறும்படங்கள் சிலவற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கம். தமிழாராய்ச்சி இதழில் நாய்ப்படம் பற்றி எழுதுதல் தகுமோ என நகுவார் உளராயின், அந்நகையும் மெய்ப்பாட்டியலுள் அடங்குவதே என்று சொல்லி மேற்செல்வோம்.

இப்பொருள் பற்றி இருவேறு கருத்துகள் வழங்குகின்றன. விலங்கு நடிப்பதில்லை, நடிப்பிக்கப்படுகின்றது. ஆதலின் அதனைக் கதைமாந்தர் எனல் பொருந்தாது என்பர் ஒருசாரார். விலங்கு மனிதரைப் போன்றே உணர்ந்து நடிக்கின்றது என்பர் பிறிதொரு சாரார்; இது பெரும்பாலும் படநிறுவனத்தார் தம் விளம்பரத்தில் எழுதிய கருத்து. இவ்விரண்டும் உண்மையின் ஒரு கூற்றையே தொட்டன என்பது எம் துணிபு.

விலங்குகளைப் படம்பிடித்தல் திரைப்படத்தோடு உடன்பிறந்தது. 1894ஆம் ஆண்டில் எடிசன் நிறுவனத்தார் நியூ ஜெர்சி மாநிலத்து வெஸ்ட் ஆரஞ்சில் 'கறுப்பு மரியா' எனப் பெயர்பெற்ற படப்பிடிப்புக் கூடத்தில், வெல்டன் என்னும் வித்தைக்காரர் பழக்கிய இரண்டு பூனைகள் கையுறை அணிந்து குத்துச்சண்டை செய்வதைப் படமாக்கினர். அரை நிமிடமும் நில்லாத படம் அது. திரையில் வீழ்த்தாது, ஒருவர் ஒரு பெட்டியின் துளை வழியே குனிந்து பார்க்கும் முறையில் அது காட்டப்பெற்றது. அதில் கதை இல்லை. கூத்து மேடையில் நிகழ்ந்ததை அப்படியே பதிவுசெய்ததன்றி வேறில்லை. பூனைகள் அங்கே காட்சிப்பொருள்களே, கதைமாந்தர் அல்ல.

கதைமாந்தராக விலங்கு நிற்றற்கு வழி திறந்த படம் நகைச்சுவைப் படமன்று. 1905இல் இங்கிலாந்தில் செசில் ஹெப்வொர்த் நிறுவனத்தார் லூவின் ஃபிட்ஸ்ஹாமனைக் கொண்டு எடுத்த 'ரோவரால் மீட்கப்பட்டது' என்னும் படமே அது. களவாடப்பட்ட குழந்தையைத் தேடி வீட்டுநாய் தெருக்களைக் கடந்து, ஆற்றை நீந்தி, குழந்தை இருக்குமிடம் கண்டு, மீண்டும் அவ்வழியே ஓடிவந்து தலைவனை அழைத்துச் செல்கின்றது. குழந்தை ஹெப்வொர்த்தின் மகள். நாய் பிளேர் என்னும் அவர் வீட்டு நாய். மக்கள் இப்படத்தை விரும்பிய மிகுதியால், படிகள் எடுத்தெடுத்து மூலச்சுருள் தேய்ந்துபோக, அதே கதையை மேலும் இருமுறை புதிதாக எடுக்க நேர்ந்தது.

இப்படத்தில் எம் கருத்திற்கு வேண்டுவது ஒன்று. தெரு, ஆறு, குடிசை என வெவ்வேறிடத்தில் எடுத்த துண்டுகளை ஒரே வழியாகக் காண்போர் உணர்தற்குக் காரணம், அவை அனைத்திலும் ஒரே நாய் ஒரே நோக்குடன் ஓடுவதாகத் தோன்றுதலே. அந்நோக்கு நாயின் உள்ளத்தில் இருந்ததா என்பதை எவரும் கேட்டிலர். துண்டுகளை அடுக்கிய வரிசையே நோக்கமாகிவிட்டது. சொற்களை முறைப்படி நிறுத்தத் தொடர்ப்பொருள் பிறத்தல் போன்றதே இதுவும்.

இனி, ஊமைப்படம் ஊமையாகப் பிடிக்கப்பட்டதன்று என்பதை மாணவர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. திரைதான் ஊமை, படப்பிடிப்புக் களமோ பேரிரைச்சல் மிக்கது. ஒலியைப் பதியும் கருவி அங்கு இன்மையால், இயக்குநர் காமிராவின் அருகே நின்று உரத்த குரலில் ஏவலாம். நாயைப் பயிற்றுவோனும் 'வா', 'நில்', 'பற்று' எனக் கூவலாம். நடிகரும் நாயும் ஏவற்சொற் கேட்டே இயங்கினர். அச்சொல் படத்தில் ஏறவில்லை. ஆகவே, நன்னூலார் கூறும் 'கேட்பன போல' என்னும் கூறு ஈண்டு முற்றிலும் புனைவன்று. நாய் உண்மையிலேயே கேட்டது. அது கேட்ட சொல் வேறு, கதையுள் அது கேட்டதாக நாம் கொள்ளும் சொல் வேறு, அவ்வளவே வேறுபாடு.

இக்கலையின் நிறைவை லூக் என்னும் நாயிடம் காணலாம். பிட்புல் டெரியர் வகையினதாகிய இந்நாய், கீஸ்டோன் நிறுவனத்து நகைச்சுவை நடிகர் ரோஸ்கோ ஆர்பக்கிளுக்கும் அவர் மனைவியார் மின்டா டர்ஃபிக்கும் உரியது. இடர்மிக்க காட்சியொன்றில் நடித்தமைக்காக டர்ஃபிக்கு இயக்குநர் வில்ஃபிரட் லூக்கஸ் இதனைக் குருளையாக அளித்தார் என்பர்; அவர் பெயரின் குறுக்கமே நாயின் பெயராயிற்று. கூத்துக் கொட்டகையிற் பழகிய நாயன்று இது. வீட்டில் வளர்ந்த நாய். இவ்வேறுபாடு சிறியதன்று. வித்தைநாய் வித்தை முடிந்தவுடன் காண்போரை நோக்கி நிற்கும். லூக் எப்பொழுதும் தான் செய்யும் செயலையே நோக்கி நிற்கின்றது.

1915இல் வந்த 'கொழுத்தனின் நன்றியுள்ள நாய்' என்னும் படத்தில், ஆர்பக்கிளின் மாற்றானாக நடிக்கும் அல் செயின்ட் ஜானை லூக் துரத்துகின்றது. மாற்றான் ஏணியில் ஏறினால் நாயும் ஏறுகின்றது. கூரைமேல் ஓடினால் நாயும் ஓடுகின்றது. 1916இல் மூன்று சுருளாக வந்த 'கொழுத்தனும் மேபலும் அலைகடலில்' என்னும் படத்திலோ நாய்க்கு வேறு தொழில். பகைவர் சூழ்ச்சியால் புதுமணத் தம்பதியரின் வீடு கடலில் மிதந்து செல்ல, ஓலை சுமந்து நீந்திக் கரையேறிப் பெண்ணின் பெற்றோரை அழைத்துவரும் தூது அதற்கு உரியதாகின்றது. ரோவர் செய்ததைத்தான் லூக்கும் செய்கின்றது. ஆனால் கட்டிலைச் சுற்றி நீர் ஏறி நிற்கும் படுக்கையறை பின்னணியாக அமைதலின், அவலத்திற்குரிய தூது நகைக்குரிய தூதாகிவிடுகின்றது. விலங்கின் செயலில் மாற்றமில்லை, சூழலே மெய்ப்பாட்டை மாற்றியது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைத்தல் அரிது. 1917இல் மாக் சென்னட் வெளியிட்ட 'விசைக்கருகில் டெடி' என்னும் படத்தில் டெடி என்னும் பெருநாய், இருப்புப்பாதையிற் பிணிக்கப்பட்ட குளோரியா சுவான்சனைக் காக்கக் கடிதம் சுமந்து ஓடுவதும் இவ்வகையதே. அங்கே நகைக்கப்படுவது நாயன்று. பெண்ணைத் தண்டவாளத்திற் பிணிக்கும் பழைய மேடை நாடக வழக்கு.

லூக்கின் திறன் முழுதும் விளங்குவது 1920இல் பஸ்டர் கீட்டனும் எட்வர்டு கிளைனும் இயக்கிய 'சோளக்கொல்லைப் பொம்மை' என்னும் இருசுருட் படத்திலாகும். நாய் கிரீம் நிறைந்த பணியாரம் ஒன்றைத் தின்கின்றது. வாயைச் சுற்றி வெள்ளையாகக் கிரீம் ஒட்டிக்கொள்கின்றது. கீட்டன் அதனைக் கண்டு, வெறிநாய்க்கடி நோயால் வாய் நுரைத்த நாய் என மயங்கி ஓடுகின்றார். நாயும் துரத்துகின்றது. கூரையின்றிச் செங்கற்சுவர்கள் மட்டுமே எஞ்சிநின்ற பாழ்வீடொன்றின் சுவர் விளிம்பிலே கீட்டன் ஏறி ஓட, நாயும் ஏணி வழியே ஏறி அவ்விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தொடர்கின்றது. காமிரா எட்ட நின்று மனிதனையும் நாயையும் முழுவுருவில் ஒருங்கே காட்டுகின்றது. துண்டுகளை ஒட்டி விளைத்த மாயம் என ஒதுக்குதற்கு ஈண்டு இடமில்லை. நாய் உண்மையிலேயே அங்கே ஏறியிருக்கின்றது, உண்மையிலேயே ஓடுகின்றது. இறுதியில் அது தன்னைத் தாக்க வந்ததன்று என உணர்ந்து கீட்டன் அதனோடு கைகுலுக்குகின்றார்.

இக்காட்சியைத் தொல்காப்பியர் நகைக்குக் கூறிய நிலைக்களன்கள் நான்கனுள் வைத்துப் பார்த்தல் பயனுடைத்து. எள்ளலும் இளமையும் நிற்க, பேதைமை, மடன் என்னும் இரண்டும் இங்கே வேண்டுவன. பேதைமையை அறியாமை என்றும், மடனைப் பிறர் அறிவுறுத்தியதை ஏற்று, ஏற்றதை விடாது பற்றி நிற்றல் என்றும் உரையாசிரியர் வேறுபடுத்துவர். இவ்விரண்டும் ஒருபொருட் சொற்களே என எண்ணி மாணவர் இடர்ப்படுதல் உண்டு. இப்படத்தில் அவை இருவேறு உயிர்களிடத்துப் பிரிந்து நிற்கின்றன. கிரீமை நுரை என மயங்கிய பேதைமை மனிதனுடையது. துரத்தக் கற்றதை ஏணி வந்தாலும் சுவர் வந்தாலும் கைவிடாத மடன் நாயினுடையது. பேதைமை ஓடுகின்றது, மடன் துரத்துகின்றது. இரண்டும் தனித்தனியே நின்றிருப்பின் இத்துணை நகை விளைந்திராது.

அன்றியும், அறிவு ஈண்டு மூன்று நிலையில் வைக்கப்பட்டுள்ளது. நாய்க்குக் கிரீமின் சுவையன்றி வேறொன்றும் தெரியாது. கீட்டனாகிய கதைமாந்தர்க்குத் தவறானதொன்று தெரியும். காண்போர்க்கு இரண்டும் தெரியும். நகை பிறப்பது இம்மூன்றாம் நிலையிலே. ஆகவே 'போல' என்பது நாயினிடத்தன்று, காண்போர் உள்ளத்தில்தான் உள்ளது என ஒருவாறு கூறலாம்.

காண்போர் உள்ளமே முகத்திற்குப் பொருள் தருகின்றது என்பதை உருசிய நாட்டு லெவ் குலெஷோவ் வேறொரு வகையில் எடுத்துக்காட்டினார். மோஸ்ஜுகின் என்னும் நடிகரின் மாற்றமில்லா முகத்தை ஒரு குழம்புத் தட்டோடும், ஒரு பிணப்பெட்டியோடும், வேறொன்றோடும் அடுத்தடுத்து ஒட்டிக் காட்ட, அம்முகத்திற் பசியையும் துயரையும் தாம் கண்டதாகப் பார்த்தோர் கூறினர் என்பது திரைக்கலை நூல்களிற் பயிலும் செய்தி. மனித முகமே இவ்வாறாயின் நாயின் முகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டா. ஊமைப்பட நாயின் முகம் குலெஷோவின் ஆய்விற்குப் பல ஆண்டு முன்னரே அவ்வுண்மையை நாள்தோறும் நிறுவிக்கொண்டிருந்தது.

இதன் எல்லையைக் கண்டவர் விளாதிஸ்லாவ் ஸ்தாரேவிச். போலந்துப் பெற்றோர்க்கு மாஸ்கோவிற் பிறந்து, கோவ்னோ நகர அருங்காட்சியகத்திற் பணிபுரிந்த இவர், கலைமான் கொம்பன்ன தாடைகளையுடைய வண்டுகள் பொருவதைப் படம்பிடிக்க முயன்றார். விளக்கொளி பட்டவுடன் வண்டுகள் அசைவற்றுக் கிடந்தன. உயிருள்ளன உதவாமையின் இறந்த வண்டுகளை எடுத்து, கால்களைக் கம்பியும் மெழுகும் கொண்டு பொருத்தி, ஒவ்வொரு படத்திற்கும் சிறிது சிறிதாக அசைத்துப் படம்பிடித்தார். 1912இல் வந்த 'காமிராக்காரன் பழிவாங்கியது' இவ்வாறு இறந்த பூச்சிகளே நடித்த நகைச்சுவைப் படம். மனைவியை ஏமாற்றும் வண்டின் களவொழுக்கத்தை வெட்டுக்கிளி ஒன்று சாவித்துளை வழியே படம்பிடித்து ஊர்ப் படக்கொட்டகையிற் காட்டிவிடுகின்றது. இவர் படங்களைக் கண்டோர் சிலர் இவை பழக்கிய பூச்சிகள் என்றே நம்பினராம். நடிகனுக்கு உயிரே வேண்டா, காண்போன் உயிரே போதும் எனச் சொல்லத் தோன்றுகின்றது.

அங்ஙனமாயின் லூக்கும் அவ்வண்டும் ஒன்றா? இவ்விடத்தில்தான் முதற்சாரார் கருத்தினின்று யாம் பிரிகின்றோம். இறந்த வண்டு ஸ்தாரேவிச் எண்ணியதன்றிப் பிறிதொன்று செய்ய இயலாது. லூக்கோ செய்யாது விடவும் கூடும். ஏணியிற் கால் வழுவவும் கூடும். சுவர் விளிம்பைக் காணும்போது நம் நகையினூடே ஓடும் அச்சம் அதனால் வருவது. நோக்கம் காண்போர் தந்தது. உடல் நாய் தந்தது. பொருள் நம்முடையதாயினும் உழைப்பும் இடரும் அதனுடையன. கதைமாந்தர் என்னும் பெயரை அதற்கு மறுத்தற்கில்லை.

இவ்வுழைப்பை மனிதனோடு சமமாக வைத்துக் காட்டிய படம் சார்லி சாப்ளின் 1918 ஏப்பிரலில் வெளியிட்ட 'நாயின் வாழ்வு' ஆகும். ஆங்கிலத்தில் அத்தொடர் இழிந்த வாழ்வைக் குறிக்கும். நம் வழக்கில் 'நாய்ப்பிழைப்பு' என்பது அதற்கு நேர். மூன்று சுருள் கொண்ட இப்படத்தில் வேலை தேடுவோர் அலுவலகக் காட்சியொன்று உண்டு. சாளரத்தை அடைய முந்துவோர் சாப்ளினைத் தள்ளித்தள்ளித் தாமே முன்னேறுகின்றனர். கடைசியில் வேலை தீர்ந்து சாளரமும் மூடப்படுகின்றது. அடுத்து வரும் காட்சியில் உணவுத் துணுக்கிற்காகத் தெருநாய்கள் ஒரு சிறுநாயைச் சூழ்ந்து கடிக்கின்றன. சாப்ளின் அதனை மீட்டெடுத்து ஓடுகின்றார். எழுத்து அட்டை எதுவும் இவ்விரு காட்சியையும் ஒப்பிட்டுச் சொல்லவில்லை. நம் மரபில் இதனை எடுத்துக்காட்டுவமை என்போம்.

சிறுநாயின் பெயர் படத்தில் ஸ்கிராப்ஸ், எச்சில் துணுக்கு எனப் பொருள்படுவது. நாய்க்கு இடமில்லாத ஆடற்கூடத்திற்குள் அதனைத் தம் அகன்ற காற்சட்டைக்குள் ஒளித்துச் செல்கின்றார் சாப்ளின். காற்சட்டைக் கிழிசல் வழியே வால் வெளிவந்து ஆட, மனிதனுக்கே வால் முளைத்ததாகின்றது. அவ்வால் அங்கிருந்த முரசையும் அடிக்கின்றது. உயர்திணையும் அஃறிணையும் ஓருடலாய் நின்ற இக்காட்சியை வெறும் கோமாளிக்கூத்து எனக் கழித்தல் எமக்கு உடன்பாடன்று. படத்தின் முடிவில் தம்பதியர் தொட்டிலைக் குனிந்து நோக்குகின்றனர். அதிற் கிடப்பன ஸ்கிராப்ஸின் குருளைகள். இப்படத்தில் நாய் எங்கும் மனிதச் செயல் செய்யவில்லை. கடிக்கின்றது, தின்கின்றது, மண்ணைத் தோண்டுகின்றது. அவ்வாறு தோண்டி எடுத்ததே புதைத்து வைத்த பணப்பை. கதை அதனால் திரும்புகின்றது.

இதற்கு மறுதலையான வகையும் உண்டு. ஸ்னூக்கி என்னும் சிம்பன்சிக் குரங்கிற்கு மனித உடை அணிவித்து 1920 முதல் செஸ்டர் நகைச்சுவைப் படங்கள் வந்தன. 1923-24இல் ஹால் ரோச் நிறுவனம் 'டிப்பி டூ டாட்ஸ்' என்னும் வரிசையில் குரங்கு முதலிய விலங்குகளையே சிற்றுருவ வீடுகளிலும் தெருக்களிலும் மாந்தராக உலவவிட்டது. தொப்பியணிந்த குரங்கு ஒருமுறை நகை விளைக்கும், பத்தாம்முறை விளைக்காது. எள்ளல் ஒன்றே இவற்றின் நிலைக்களன். எள்ளலைப் பேராசிரியர் இருகூறாகப் பகுப்பர்: தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று, பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானும் நகுதல் மற்றொன்று. எள்ளப்பட்ட மனிதன் தானும் உடன்நகுதற்கு இடமுண்டு. அப்பொழுது எள்ளலின் கூர் மழுங்குகின்றது. விலங்கிற்கு இவ்வழி அடைபட்டுள்ளது. அது நம்மோடு நகாது. விலங்கை எள்ளும் நகை என்றும் ஒருவழி நகையே.

இவ்வொருவழி நகையின் விலை யாது என்னும் வினாவும் அக்காலத்திலேயே எழுந்தது. ஜாக் லண்டன் எழுதி அவர் மறைவிற்குப் பின் 1917இல் நூலாய் வந்த 'மைக்கேல், ஜெர்ரியின் உடன்பிறந்தான்' என்னும் புதினம், மேடைவிலங்குகளைப் பழக்குவோர் திரைமறைவிற் செய்யும் கொடுமைகளை விரித்துரைத்தது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் அவர் பெயரால் ஒரு கழகம் தோன்றியது. விலங்கு வித்தை மேடையேறின் உடனே அரங்கை விட்டு வெளியேறுதல் அதன் உறுப்பினர் ஏற்ற உறுதி. இங்கிலாந்தில் 1925இல் வித்தை விலங்குகளை முறைப்படுத்தும் சட்டமும், விலங்குகளைக் கொடுமைப்படுத்தி எடுத்த படங்களைக் காட்டுதலைத் தடுக்கும் சட்டம் 1937இலும் வந்தன. வீட்டுநாயின் ஓட்டத்தைப் படம்பிடித்தற்கும், குரங்கை நாள்முழுதும் காற்சட்டையில் நிறுத்தி வைத்தற்கும் உள்ள வேற்றுமை கலைவேற்றுமை மட்டுமன்று.

1927இல் 'ஜாஸ் பாடகன்' வெளிவந்தபின் திரை பேசலாயிற்று. அதுவரையில் மனிதனும் நாயும் திரையில் ஒருநிகர் ஊமையர். உடலே இருவர்க்கும் மொழி. பேச்சு வந்தவுடன் மனிதன் ஒரு படி ஏறிவிட்டான். களத்திலோ நிலை தலைகீழாயிற்று: காமிராவின் அருகே நின்று கூவிய பயிற்றுவோன் வாய்மூடிக் கையசைவால் ஏவக் கற்கவேண்டியதாயிற்று. 1929 முதல் 1931 வரை எம்.ஜி.எம். நிறுவனத்தார்க்காக சயன் மயர்ஸ், ஜூல்ஸ் வைட் என்னும் இருவர் எடுத்த 'டாக்வில்' படங்கள் ஒன்பதில் நாய்கள் உடையணிந்து, பின்னங்காலில் நின்று, மனிதக் குரலிற் பேசுகின்றன. 1930இல் வந்த 'டாக்வே மெலடி' முந்திய ஆண்டின் இசைப்படமாகிய 'பிராட்வே மெலடி'யைப் பகடி செய்வது. நாயின் வாயசைவும் மனிதன் குரலும் பொருந்திவர அமைத்த திறம் பாராட்டத்தக்கதே. ஆயினும் 'சொல்லுவன போல' என்பதில் 'போல' நீங்கி, நாய் சொல்லியே விட்டது. காண்போர் உள்ளம் செய்தற்கு ஒன்றும் எஞ்சவில்லை.

லூக் 1926இல் இறந்தது. அது தோன்றிய படங்களுள் மேலே கூறிய மூன்றும் இன்றும் காணக்கிடைக்கின்றன. அக்காலக் குறும்படங்களின் நிலை பொதுவாக நன்றன்று. நைட்ரேட்டுச் சுருள் எளிதில் தீப்பற்றுவது, தானே சிதைவதும் ஆகும். அமெரிக்க நாட்டு ஊமை முழுநீளப் படங்களுள் முதலில் வெளியான வடிவிலேயே முற்றும் எஞ்சியவை நூற்றுக்கு 14 அளவே என 2013இல் வெளிவந்த அமெரிக்கக் காங்கிரசு நூலகத்து ஆய்வு கணக்கிட்டது. அக்கணக்கிற் குறும்படங்கள் சேர்க்கப்படவில்லை. ஆகவே விலங்கு நகைச்சுவைப் படங்களைப் பற்றிய எம் பாகுபாடு எஞ்சியவற்றை மட்டுமே அடிப்படையாகக் கொண்டது. எழுத்து அட்டைகளில் இவ்விலங்குகள் எத்திணைக்குரிய சொற்களாற் சுட்டப்பெற்றன என்பது கிடைத்துள்ள படிகளைக் கொண்டு தனியே ஆராயத்தக்கது.